கண் மூடிய படத்தை அழிக்காதீர்கள்

நான் ஓய்வு பெற்ற அன்று கல்லூரியில் எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். எனக்குப் பதிலாக வந்திருக்கும் பெண்தான் படம் எடுத்தாள். எடுத்ததும் கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்தாள்.

"சார், கண்ண மூடிட்டீங்க. அழிச்சிட்டு இன்னொண்ணு எடுக்கறேன்."

"இன்னொண்ணு எடும்மா. அத அழிக்காத."

"நல்லா இல்லியே சார்."

"இருக்கட்டும்."

ஏன் என்று கேட்டாள். சுற்றி ஆட்கள் நின்றார்கள். சொல்லவில்லை.

இப்போது எங்கள் போட்டோக்காரர் சங்கத்தில் மலர் போடுகிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத வராது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். லென்ஸ், வெளிச்சம் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட ஜாஸ்தி தெரியும்.

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே இருபத்திரண்டு வருடம் படம் எடுத்தேன். விழா இருந்தால் விழா. இல்லாத நாளில் வளாகத்தைச் சுற்றி வர வேண்டும். நூலகத்தில் புத்தகத்தின் மேல் தூங்குகிறவன். மழைக்குப் படிக்கட்டின் கீழே ஒதுங்கிய பெண்கள். சேர்க்கை நாளில், ஷூ கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து வந்து நிற்கும் அப்பா. அதில் ஒன்றிரண்டு ஆண்டு மலரில் வரும். மீதி என் பெட்டியில் கிடக்கும்.

விழா நாளில் நான் முதலில் பார்ப்பது காற்றைத்தான். தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் பக்கமிருந்து காற்று அடித்தால் வெளியூர் விருந்தினர் கை மூக்குக்குப் போகும். கைக்குட்டை வந்துவிட்டால் படம் போச்சு. அதனால் அவர் காரை விட்டு இறங்கிய உடனே நாலைந்து எடுத்துவிடுவேன். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வாசனை தெரியாது. அவர்களை நிதானமாக எடுக்கலாம்.

ஒருமுறை ஆண்டு மலரின் முதல் பக்கத்தில் ஒரு பெரிய மனிதரின் படம் வந்தது. கல்லூரிக்கு அரங்கம் கட்டிக் கொடுத்தவர். படத்தில் அவர் கண் மூடியிருந்தது. நான் கொடுத்த பத்துப் படத்தில் அதுவும் ஒன்று. அச்சகத்தில் அதைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. உயிரோடு இருக்கிறவருக்குச் சாவு வீட்டுப் படமா என்று கேட்டார்களாம்.

முதல்வர் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"கண்ணு மூடின படம் இனிமே ஒண்ணு கூட ஆபீசுக்கு வரக்கூடாது. புரியுதா?"

"சரி சார்."

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எடுப்பேன். திரையைப் பார்ப்பேன். கண்ணை மட்டும் பார்ப்பேன். மூடியிருந்தால் அங்கேயே அழிப்பேன். பழகப் பழக யோசிக்கவே வேண்டியதில்லை. கட்டைவிரல் தானாகப் போகும். அலுவலகத்துக்கு என் கார்டு போனால் எல்லாக் கண்ணும் திறந்திருக்கும். அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

இனி சொல்ல வந்தது.

ஹாஸ்டல் போர் தண்ணீர் மஞ்சளாக வரும். எங்கள் பக்கத்தில் அது புதிது இல்லை. குடிக்கவும் சமைக்கவும் டேங்கர் வரும். அந்த வாரம் மூன்று நாளாக டேங்கர் வரவில்லை. திங்கட்கிழமை காலை, பையன்கள் காலி பக்கெட்டோடு வந்து அலுவலகத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நூறு பேருக்கு மேல் இருக்கும்.

முதல்வர் எனக்குப் போன் செய்தார்.

"எல்லார் மூஞ்சியும் தெளிவா வரணும். ரெக்கார்டுக்கு வேணும்."

எதற்கு ரெக்கார்டு என்று நான் கேட்கவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். நானும் அவர்கள் பக்கத்து ஆள்தான் என்று பையன்கள் நினைத்துக்கொண்டார்கள். கை காட்டினார்கள்.

"போட்டோ அண்ணா, பக்கெட்டோட ஒரு குரூப் போட்டோ எடுங்க. மலர்ல போடலாம்."

"நல்லா கலரா எடுங்கணா."

"டேய், தண்ணியே கலராத்தான்டா வருது. அண்ணன் வேற எதுக்கு?"

சிரித்தார்கள். முதல் வரிசையில் தினேஷ் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் வருடம், பி.காம். ஒடுகத்தூர்ப் பக்கம். அப்பா இல்லை. அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறவர். எந்த விழாவாக இருந்தாலும் நாற்காலி போடுகிற கூட்டத்தில் அவன் இருப்பான். அதனால் எனக்குத் தெரியும். ஓரகடத்தில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. கடைசிப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டுப் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. பரீட்சைக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது.

பதினொரு மணிக்கு அலுவலகத்திலிருந்து யாரோ வெளியே வந்து, நாளைக்கு டேங்கர் வரும், எழுந்து போங்கள் என்றார். நாளைக்கா என்று பின்னாலிருந்து சத்தம். எல்லோரும் எழுந்தார்கள். கூட்டம் ஜன்னல் பக்கம் தள்ளியது. நான் பக்கவாட்டில் நின்று விடாமல் எடுத்தேன். கண்ணாடி உடைந்தது. எல்லோரும் ஓடினார்கள். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த அலுவலக அம்மாவுக்குப் புருவத்தில் கண்ணாடி கிழித்து நாலு தையல்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நான் வைத்திருந்தது பழைய வகைக் கேமரா. உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். பட்டனை அமுக்கினால் அது மேலே எழும்பும். அந்த நொடி நம் கண்ணுக்கு முன்னால் இருட்டு. படம் விழும் நொடியில் அங்கே நடப்பது எல்லோருக்கும் தெரியும். எடுக்கிறவனுக்குத் தெரியாது. அவன் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் புங்கமரத்தடியில் நின்று திரையைப் பார்த்தேன். எண் 417. தினேஷ் கையைத் தூக்கியிருக்கிறான். கண் திறந்திருக்கிறது. சரி. 418. தினேஷ் கண் மூடியிருக்கிறது. கட்டைவிரல் போனது. 419. கண்ணாடி உடைந்து, முதுகுகள் மட்டும். சரி.

கார்டை அலுவலகத்தில் கொடுத்தேன். படங்களை இறக்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். மறுநாள் கல்லூரியில் விளையாட்டு விழா. அதே கார்டில் எடுத்தேன்.

வியாழக்கிழமை விசாரணை. முதல்வர், இரண்டு பேராசிரியர்கள். மேசைமேல் படங்களைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் எண். நான் சுவரோரம் நின்றேன். தினேஷ் நடுவில் நின்றான்.

417 அவனுக்கு எதிராகவே எடுத்தது மாதிரி இருந்தது. அவன் கை மேலே. அந்தக் கை முடிகிற இடத்தில் ஒரு செங்கல் துண்டு. பின்னால் ஒருத்தன் நிற்கிறான், ஆனால் அவன் முகத்தைத் தினேஷின் தலை மறைத்துவிட்டது.

"கல்லு யார் கையில இருக்கு?" என்றார் முதல்வர்.

"எனக்குப் பின்னாடி இருந்தவன் கையில சார். நான் அவன் கையைப் புடிக்கப் போனேன். புடிச்சு நெஞ்சு வரைக்கும் கீழ இழுத்தேன். உதறிட்டு அடிச்சிட்டான்."

"யாரு அவன்?"

தினேஷ் தரையைப் பார்த்தான்.

"பேர் தெரியாதா?"

"தெரியும் சார்."

"சொல்லிட்டுப் போய் எக்ஸாம் எழுது. நான் வேணாம்னா சொல்றேன்?"

"அவன் ஃபர்ஸ்ட் இயர் சார். சொல்ல மாட்டேன்."

"அப்ப நீதான் அடிச்சேன்னு நாங்க எடுத்துக்குவோம்."

தினேஷ் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, நீங்க அப்பவும் எடுத்துட்டுத்தான இருந்தீங்க? டிக்கு டிக்குன்னு சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அடுத்த போட்டோல இருக்கும்ணா. நான் புடிச்சிருக்கிறது தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருக்கா?" என்றார் முதல்வர்.

"கார்டுல இல்ல சார்."

"கார்டுல இதுக்கு அடுத்தது இதுதானா?" 419ஐக் காட்டினார்.

"ஆமா சார்."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"எடுக்கும்போது எங்களுக்குத் தெரியாது சார். இருட்டா இருக்கும்."

மூன்று பதில். ஒன்றும் பொய் இல்லை. நடுவில் ஒரு படம் இருந்தது, நான் அழித்துவிட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதில் அவன் கை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. நான் கண்ணை மட்டும்தான் பார்த்தேன்.

அன்று ஏன் சொல்லவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வேலை போயிருக்காது. அவர் போட்ட விதிப்படிதான் அழித்தேன். ரெக்கார்டுக்கு என்று சொல்லியும் அழித்தாயா என்று பையன் முன்னால் திட்டியிருப்பார். அவ்வளவுதான். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது திட்டு வாங்க வேண்டாம் என்று நினைத்தேன்.

தினேஷ் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு மேசைமேல் இருந்த படங்களைக் குனிந்து பார்த்தான். அந்தப் பருவத் தேர்வை எழுதக் கூடாது என்று தீர்ப்பு.

வெள்ளிக்கிழமை மதியம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். கம்பெனி ஓவர்கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார். அரை நாள் பர்மிஷன் போட்டு வந்தாராம்.

"போட்டோ எடுத்தது நீங்களாண்ணா?"

"ஆமாம்மா."

"தினேஷோட அம்மா நான். அத கொஞ்சம் காட்டுறீங்களா?"

போனில் இருந்தது. காட்டினேன். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். திரையில் விரல் வைத்துப் பெரிதாக்கினார். விரல் நுனியில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது.

"இவன் புடிச்சேன்னு சொல்றான். இதுல அடிக்கற மாதிரில்ல இருக்குது."

அந்தக் கையை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எம்புள்ள பொய் சொல்றவன் இல்லண்ணா. சின்ன வயசிலேந்து இல்ல. ஆனா போட்டோ எப்படிண்ணா பொய் சொல்லும்?"

நான் சைக்கிள் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நேத்து வீட்டுக்கு வந்ததிலேந்து அவன்கிட்ட பேசல நானு. சோறு மட்டும் வெக்கறேன்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "பேஜாராப் பூடுச்சுண்ணா."

வேன் வரும் நேரம் என்று போய்விட்டார். அவர் ஒரு குற்றமும் சொல்லவில்லை. என் படத்தை நம்பினார். பெற்ற பிள்ளையைவிட நம்பினார்.

அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. அது கார்டிலேயே கிடக்கும். அதன் மேல் வேறு படம் வந்து விழுந்தால்தான் போகும். இது எனக்குத் தெரியும். சனிக்கிழமை வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கார்டை எடுத்துப் போனேன். கடைக்காரர் கார்டை மெஷினில் போட்டார்.

"இதுக்கு அப்புறம் எதுனா எடுத்தீங்களா?"

"விளையாட்டு விழா எடுத்தேன்."

"எத்தன?"

"முந்நூறு இருக்கும்."

உச்சுக் கொட்டினார். "டெலிட் பண்ணா கார்டத் தனியா எடுத்து வெக்கணும்னு, இதோ பாய்கிட்ட சொல்ற மாதிரி எல்லார்கிட்டயும் சொல்றேன். யாரு கேக்கறாங்க?" பக்கத்துக் கடை பாய் அங்கிருந்தே தலையாட்டினார்.

இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு வருது. ஆனா பாதிதான்."

திரையில் 418 இருந்தது. மேல் பாதி. புங்கமரக் கிளை, ஜன்னல் கம்பி, தினேஷின் முகம். கண் இறுக்கி மூடியிருக்கிறது. பல்லைக் கடித்திருக்கிறான். ஏதோ கனமானதை இழுக்கிறவன் முகம். பக்கத்தில் யாருடையதோ தலைமுடி. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறும் சாம்பல் நிறம். கை இருந்த இடத்தில் விளையாட்டு விழா விழுந்துவிட்டது.

"கீழ இருக்கறது வராதா?"

"அது இல்லவே இல்லியே. எங்கேந்து வரும்?"

அச்சுப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பரீட்சை ஆரம்பம். எட்டரை மணிக்கே முதல்வர் அறைக்குப் போனேன். படத்தை மேசைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் படத்தை நிறைய நேரம் பார்த்தார்.

"இதுல இன்னா தெரியுது?"

"கண்ணு தெரியுது சார்."

"கை தெரியலையே."

"இல்ல சார். ஆனா மூஞ்சியப் பாருங்க. அடிக்கறவன் கண்ண மூடிக்க மாட்டான்."

"அது நீங்க சொல்றது." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நடுவுல ஒரு போட்டோ இருந்துச்சு, அழிச்சிட்டேன்னு வியாழக்கிழமையே ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். சந்தேகத்தோட பலன அவனுக்குக் குடுத்திருப்போம். அன்னிக்கு நானே அதத்தான் தேடிட்டு இருந்தேன். இப்ப எல்லாரும் கையெழுத்து போட்டாச்சு. இந்தப் பாதிய வெச்சி நான் யார்கிட்ட போய்ப் பேச?"

திட்டவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை.

வெளியே வந்தேன். பரீட்சை மணி அடித்தது. வராந்தாவில் பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். அதையும் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். எடுத்தேன்.

ஓரகடத்து வேலை போய்விட்டது. தினேஷ் கல்லூரிப் பக்கம் வருவதில்லை, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். போக மாட்டேன். இப்படியே ஏறக்குறைய இரண்டு வருடம் போனது. ஓய்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது போனேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை. அவனே என்னை முதலில் பார்த்தான். இளைத்திருந்தான். கையில் கறுப்புச் சாயம்.

"போட்டோ அண்ணா, இன்னா இந்தப் பக்கம்? யாருக்கு கல்யாணம்?"

"உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

டீ சொன்னான். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

"பரீட்சை எழுதினியா?"

"அடுத்த வருசம் ரெண்டு பேப்பர் எழுதுனேன். மீதி அன்னிக்கு ஷிப்டு மாத்தி உட்டானுங்க. போகல."

பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். தினேஷ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சாயம் படாமல் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"நானா இது? கண்ண மூடிட்டேனே."

"ஆமா."

"கையக் காணோமே."

"போய்டுச்சு. அவ்ளோதான் கெடச்சுது."

"அவன் மூஞ்சியும் இல்ல."

"இல்ல."

"அதுவரைக்கும் நல்லது."

"அம்மாகிட்ட காட்டுறியா?"

"கையே இல்லாம இத காட்டி இன்னாணா சொல்லச் சொல்றீங்க?" கோபமாகச் சொல்லவில்லை. "அம்மா அதப்பத்தி கேக்கறது இல்ல. நானும் பேசறது இல்ல. அப்படியே ஓடுது."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"தினேஷ், அந்தப் படத்த அழிச்சது நான்தான். அன்னிக்கு அந்த ரூம்ல நிக்கும்போதே எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்ணா."

"உனக்கு எப்படி?"

"மேசமேல நம்பர் போட்டு இருந்துச்சே. நானூத்திப் பதினேழு. அடுத்தது நானூத்திப் பத்தொம்போது. குனிஞ்சு பாத்தேன்."

"அங்கயே கேட்டிருக்கலாமே. நடுவுல ஒண்ணு எங்கேன்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கம்பெனியில் சங்கு ஊதியது. அவன் கிளாஸைக் கடையில் வைத்துவிட்டு, வர்றேண்ணா என்று சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து உள்ளே போய்விட்டான். கேட்டைச் சாத்தினார்கள்.

இதுதான் விஷயம். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு வார்த்தை. கண் மூடியது, ஆடியது, தலை வெட்டுப்பட்டது எல்லாவற்றையும் வைத்துக்கொள். இடம் போதவில்லை என்றால் இன்னொரு கார்டு கேள். சால்வை போட்ட அன்று நீ எடுத்த என் கண் மூடிய படத்தையும் எண் மாறாமல் அப்படியே வைத்திரு. யாராவது வந்து நடுவில் ஒன்று எங்கே என்று கேட்டால் எடுத்துக் காட்டு. கேட்காவிட்டாலும் காட்டு.